திரையில் கேட்டதைத் திரையில் அச்சிடுதல்

திரைப்பட வசனம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்கென ஒரு படம் வரைந்து, ஸ்கிரீன் பிரிண்டிங்கில் சில நூறு பிரதிகள் மட்டும் போட்டு, பென்சிலால் எண்ணிட்டுக் கையெழுத்திட்டு விற்பது கடந்த கால் நூற்றாண்டில் அமெரிக்காவில் தனியொரு கலையாகக் கிளைவிட்டிருக்கிறது. இதற்கென்று காட்சிக்கூடங்கள் உண்டு, சேகரிப்பாளர்கள் உண்டு, மறுவிற்பனைச் சந்தையும் உண்டு. அப்படி வரும் அச்சுகளில் பெரும்பாலானவை முதல் பார்வையிலேயே தீர்ந்துபோகின்றன. ஒருசில மட்டும் வருடக்கணக்கில் சுவரில் தொங்கினாலும் பார்ப்பவரை விடுவதில்லை. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

ஓவியத் திறமையை வைத்து இதற்கு விடை சொல்லிவிட முடியாது. தேர்ந்த கைகள் வரைந்தவையும் தோற்றிருக்கின்றன. வசனம் என்பது ஒருவர் இன்னொருவரிடம் ஒரு குறிப்பிட்ட நொடியில் சொன்னது. அதைக் காகிதத்துக்குக் கொண்டுவந்த மாத்திரத்தில் குரல் போய்விடுகிறது. சொல்வதற்கு முன்னிருந்த மௌனம் போய்விடுகிறது. கேட்டவரின் முகமும் போய்விடுகிறது. மிஞ்சுவது நாலைந்து சொற்கள். அந்தச் சொற்களின் பொருளையே வரைந்தால் ஒரே விஷயத்தை இரண்டு முறை சொன்னதாகும். உதிர்ந்துபோனதைத் தேடி வரைந்தால்தான் அச்சு எழுந்து நிற்கிறது. இந்தத் துறையின் முன்னோடிகளையும் இன்றைய வடிவமைப்பாளர்களையும் இந்த ஓர் அளவுகோலை வைத்தே இங்கே பார்க்கிறேன்.

முதலில் வசனத்தைப் பார்ப்போம். அமெரிக்கத் திரைப்படக் கழகம் 2005இல் நூறு வசனங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. 400 வசனங்களைப் பரிந்துரையில் வைத்து, திரைத்துறையினர், விமர்சகர்கள், வரலாற்றாசிரியர்கள் என 1,500 பேரிடம் வாக்குக் கேட்டுத் தொகுத்தது. முதலிடம் 'கான் வித் தி விண்ட்' (1939) படத்தின் முடிவில் ரெட் பட்லர் மனைவியை உதறிவிட்டுக் கிளம்பும்போது சொல்லும் வாக்கியத்துக்கு. ஒரே படத்திலிருந்து அதிகம் இடம்பெற்றவை 'காஸாபிளாங்கா'வின் (1942) ஆறு வசனங்கள். பட்டியலை நிதானமாகப் படித்தால், அவற்றில் பல தனியே எடுத்தால் வெகு சாதாரணமான பேச்சு என்பது தெரியும். இதைவிடப் பெரிய படகு தேவைப்படும் என்கிறார் ஒருவர். வழக்கமாகச் சந்தேகப்படும் ஆட்களைப் பிடித்துவாருங்கள் என்கிறார் ஒரு போலீஸ் அதிகாரி. வீட்டுக்கு ஃபோன் பண்ண வேண்டும் என்கிறது வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த உயிர். அணியும் இல்லை, அடுக்குமொழியும் இல்லை. சூழல்தான் அவற்றுக்கு எடை கொடுத்திருக்கிறது.

படகு வசனம் 'ஜாஸ்' (1975) படத்தில் வருவது. கடலில் நடந்த படப்பிடிப்பில் உதவிப் படகு போதவில்லை என்று குழுவினர் தங்களுக்குள் கேலியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நடிகர் ராய் ஷைடர் காட்சிக்குள் கொண்டுவந்துவிட்டார் என்று திரைக்கதையாசிரியர்களில் ஒருவரான கார்ல் காட்லீப் சொல்லியிருக்கிறார். காட்சியை நினைத்துப்பாருங்கள். மீனுக்கு இரை வீசிக்கொண்டிருந்த, ஷைடர் நடித்த பிராடிக்குப் பக்கத்தில் சுறா தலை தூக்குகிறது. அவர் விறைத்து நிமிர்கிறார். வாயில் சிகரெட். கடலைவிட்டுக் கண்ணெடுக்காமல் பின்னாலேயே நடந்து கேபினுக்குள் வந்து, தாழ்ந்த குரலில் அதைச் சொல்கிறார். இந்த வசனத்துக்கு வரையப்படும் படங்களில் திரும்பத் திரும்ப வருவது மேலே குட்டிப் படகு, கீழே மலை போல் ஒரு சுறா. ரோஜர் காஸ்டெல் வரைந்த புகழ்பெற்ற சுவரொட்டியின், நீந்தும் பெண்ணுக்குக் கீழே செங்குத்தாக எழும் சுறாவின், சாயல்தான் இது. சுறாவின் அளவு அந்த நொடியில் நமக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது. அந்த மனிதர் ஏன் அலறவில்லை என்பதுதான் புதிது. பின்னோக்கி வைக்கும் ஒரு காலடியையும் கேபின் வாசலின் சட்டத்தையும் மட்டும் வரைகிறவர் வசனத்துக்கு இன்னும் அருகில் போய்விடுகிறார்.

தவறாக நினைவில் நிற்கும் வசனங்கள் இன்னொரு சிக்கல். 'காஸாபிளாங்கா' என்றதும் பலரும் சொல்வது, மறுபடி வாசி சாம் என்ற வாக்கியத்தை. படத்தில் அப்படி ஒரு வாக்கியமே இல்லை. வுடி ஆலன் தன் நாடகத்துக்கும், பிறகு 1972இல் அதைத் தழுவிய படத்துக்கும் அதையே தலைப்பாக வைத்ததில் அது இன்னும் ஊன்றிவிட்டது. மக்கள் நினைவில் இருப்பதையே அச்சில் போடலாம் என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. படத்தில் நாயகி இல்ஸா பியானோக்காரர் சாமிடம் கேட்பது தயக்கமும் ஏக்கமுமாக. அன்றிரவே நாயகன் ரிக் கேட்பது குடிபோதையிலும் ஆத்திரத்திலும். பொதுநினைவு இரண்டையும் கலந்து வழவழப்பான ஒற்றை வாக்கியமாக்கிவிட்டது. அதை அச்சிடுகிறவர் யாருமே சொல்லாத ஒன்றுக்குப் படம் போடுகிறார். அதில் வரைவதற்கு ஒரு முகமும் கிடையாது.

அச்சுமுறையைப் பேசாமல் வடிவத்தைப் பேச முடியாது. சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய மெல்லிய துணி. மை இறங்கக் கூடாத கண்களை அடைத்துவிட்டு, மேலே மையை ஊற்றி ஸ்குவீஜி என்ற ரப்பர் பட்டையால் இழுத்தால் திறந்த கண்கள் வழியே மட்டும் மை காகிதத்தில் இறங்கும். மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் 1907இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் வெகுகாலம் இது கடைப்பலகையும் விளம்பர அட்டையும் போடும் தொழிலாகவே இருந்தது. பொருளாதாரப் பெருமந்தத்தின்போது அமெரிக்க அரசு ஓவியர்களுக்கு வேலை தரத் தொடங்கிய திட்டத்தின்கீழ், நியூயார்க்கில் 1938இல் ஆண்டனி வெலோனிஸ் தலைமையில் பட்டுத்திரைப் பிரிவு ஒன்று உருவானது. வணிக அச்சிலிருந்து வேறுபடுத்திக் காட்ட 'செரிகிராஃப்' என்ற பெயரைப் பரப்பியவர் அச்சுக்கலை அறிஞர் கார்ல் ஸிக்ராசர். இப்போது பட்டு இல்லை, பாலியெஸ்டர்தான். பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு வண்ணத்துக்கு ஒரு பிரேம். இந்த ஒரு விதியிலிருந்துதான் இந்தக் கலையின் குணம் முழுவதும் பிறக்கிறது. ஐந்து வண்ணத்தில் 200 பிரதி போட வேண்டுமானால் ஆயிரம் முறை ஸ்குவீஜி இழுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் காகிதம் அதே மூலையில் அசையாமல் உட்கார வேண்டும். அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் இரண்டு வண்ணங்களுக்கு நடுவே வெள்ளைக் கீற்று தெரியும். அதனால் வெளிர் நிறத்தைக் கொஞ்சம் பெருக்கி அடர் நிறத்துக்கு அடியில் நுழையவிடுவார்கள். கணினித் திரையில் லட்சம் நிறத்தில் யோசிக்கப் பழகியவர் இங்கே வந்ததும், எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று கேட்டுக்கேட்டுக் கழிக்க வேண்டியிருக்கிறது. வசனமும் அப்படித்தானே இரண்டு மணி நேரப் படத்திலிருந்து கழித்துக் கழித்து மிஞ்சியது. இந்த அச்சுமுறையும் வசனமும் ஒன்றையொன்று தேடிக்கொண்டதில் எனக்கு வியப்பில்லை.

கழிப்பதற்கு ஈடாக இந்த முறை இரண்டு கொடைகள் தருகிறது. ஒளி ஊடுருவும் மையைப் பயன்படுத்தினால் மஞ்சளின்மேல் நீலம் விழும் இடத்தில் மூன்றாவது நிறம் இலவசமாகக் கிடைக்கும். இரண்டு செய்திகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் என்ன ஆகும் என்பதை நிறத்தாலேயே சொல்லிவிடலாம். மற்றது, மையின் கனம். ஆஃப்செட்டில் மை காகிதத்தோடு காகிதமாகப் படிந்துவிடும். ஸ்கிரீனில் அது மேலே நிற்கும். விரலால் தடவினால் விளிம்பு தட்டுப்படும். இந்தக் கனத்தால்தான் கறுப்புக் காகிதத்தில் வெளிர் மையை ஏற்ற முடிகிறது. சினிமா இருட்டில் விழும் வெளிச்சம் என்பதை மனதில் வைத்தால், கறுப்பிலிருந்து தொடங்கக்கூடிய அச்சுமுறை அதற்கு எவ்வளவு தோதானது என்பது புரியும். வெள்ளைக் காகிதத்தில் இரவை நிரப்புவதும் இரவின்மேல் ஒற்றை விளக்கை ஏற்றுவதும் ஒன்றாகாது.

வசனத்தையும் படத்தையும் ஒரே தாளில் வைக்கும் இந்த முயற்சிக்கு மூன்று பக்கத்திலிருந்து வழிகாட்டிகள் கிடைத்திருக்கிறார்கள்.

எழுத்தையே படமாக்கியவர்கள் ஒரு பக்கம். இவர்களில் நான் எல்லோருக்கும் மேலாக வைப்பது கொரீட்டா கென்ட் என்ற கன்னியாஸ்திரியை. லாஸ் ஏஞ்சலஸில் இம்மாகுலேட் ஹார்ட் கல்லூரியில் ஓவியம் கற்பித்தவர். 1960களில் ரொட்டிப் பொட்டலத்தின் எழுத்து, சாலைப் பலகை, விளம்பர வாசகம் என்று தெருவில் கிடைத்த சொற்களையெல்லாம் எடுத்து அச்சாக்கினார். அவர் செய்த முக்கியமான காரியம் இது: அச்சடித்த எழுத்துத் தாளைக் கசக்கி, மடித்து, வளைத்து, அந்த வளைவைப் புகைப்படம் எடுத்து, அதன்படி ஸ்டென்சில் வெட்டினார். எழுத்து ஓரிடத்தில் பருத்து நெருங்கி வரும், இன்னோரிடத்தில் சுருங்கி விலகும். படிக்கிறவர் மனதுக்குள் குரலை ஏற்றி இறக்காமல் அதைப் படிக்கவே முடியாது. காகிதத்தில் குரல் உதிர்ந்துபோகிறது என்று மேலே சொன்னேன். அதை மீட்கும் வழியை அவர் எழுத்துருவிலேயே கண்டுபிடித்தார். 1968இல் சபையைவிட்டு வெளியே வந்த பிறகும் அச்சிட்டுக்கொண்டே இருந்தார்.

அதே 1968இன் மே மாதத்தில் பாரிஸில் நுண்கலைக் கல்லூரியைக் கைப்பற்றிய மாணவர்கள் முதலில் லித்தோவில் சுவரொட்டி போட்டார்கள். வேகம் போதவில்லை. ஸ்கிரீனுக்கு மாறினார்கள். ஒரு நிறம், ஒரு உருவம், நாலைந்து சொல், விடியும்முன் சுவரில். ஒவ்வொரு வடிவத்தையும் பொதுக்கூட்டத்தில் வைத்து விவாதித்தே ஏற்றார்கள். ஆசிரியர் பெயர் போடவில்லை. சொல்லும் உருவமும் ஒன்றில்லாமல் மற்றது நிற்காதபடி பிணைந்த அந்தத் தாள்களைத் திரை வசனத்துக்குப் படம் வரைகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். சினிமாவை நேரடியாகத் தொட்டவர் எட் ருஷே. அவருடைய 'ஹாலிவுட்' (1968) என்ற அச்சில் மலைச்சரிவில் இருக்கும் அந்தப் பிரபல எழுத்துகள் மலையுச்சிக்கு ஏறி அந்தி வானத்தின் எதிரே நிற்கின்றன. வானம் நிறம் மாறிக்கொண்டே போவது, ஒரே பிரேமில் இரண்டு மூன்று மைகளைப் பக்கம்பக்கமாக ஊற்றி ஒரே இழுப்பில் கலக்கவிட்டதால் வந்தது. ஒரு சொல்லைத் திரைப்படத்தின் கடைசி ஷாட்டாக்கிவிட்டார்.

இன்னொரு பக்கம், முகம். மர்லின் மன்ரோ 1962 ஆகஸ்டில் இறந்ததும் ஆண்டி வார்ஹால் 'நயாகரா' (1953) படத்தின் விளம்பரப் புகைப்படம் ஒன்றை எடுத்து ஸ்கிரீனில் ஏற்றினார். 'மர்லின் டிப்டிக்'கில் ஐம்பது முகங்கள். இடப்பக்கம் பளிச்சென்ற வண்ணம். வலப்பக்கம் வெறும் கறுப்பு, மை திட்டுத்திட்டாக அடைத்தும் வரவர வெளிறியும். உதட்டுச் சாயம் உதட்டைவிட்டு நகர்ந்திருக்கும். அச்சகத்தில் கழிவு என்று ஒதுக்கும் பிழையை அர்த்தமாக்கிய துணிச்சல் அது. ஆனால் அவரைப் பின்பற்றி நடிகரின் முகத்தைப் பெரிதாகப் போட்டு அடியில் வசனத்தை எழுதும் வழக்கம் வெறும் ரசிகர் படமாகவே முடிகிறது. முகம் தெரிந்ததும் பார்ப்பவர் நடிகரை அடையாளம் கண்டுகொண்டு நகர்ந்துவிடுகிறார். வசனம் அங்கே விளக்கக் குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது.

மூன்றாவது வழி பொருளையோ வடிவத்தையோ கொண்டு பேசுவது. சால் பாஸ் 'அனாடமி ஆஃப் எ மர்டர்' (1959) படத்துக்குத் துண்டுதுண்டாக வெட்டிய ஓர் உடலை வைத்தார். 'வெர்டிகோ'வுக்கு (1958) ஒரு சுழல். போலந்தில் 1950களிலிருந்து 70கள்வரை படம் விற்க வேண்டிய நெருக்கடி அரசு விநியோகத்தில் இல்லாததால், ஓவியர்கள் படத்தைத் தாங்கள் புரிந்துகொண்டபடி வரைந்தார்கள். விக்டர் குர்கா 'காபரே'வுக்குப் போட்ட சுவரொட்டியில் நடனக் கால்கள் ஸ்வஸ்திகமாக வளைகின்றன. அந்தப் படம் என்ன சொல்கிறது என்று யாராவது கேட்டால் அந்தத் தாளை எடுத்து நீட்டிவிடலாம். அவை பெரும்பாலும் ஆஃப்செட். நம் கருவிக்கு மிக நெருங்கியவர்கள் கியூபாக்காரர்கள். 1959இல் தொடங்கிய அங்குள்ள திரைப்பட நிறுவனம் தன் சுவரொட்டிகளைக் கையால் வெட்டிய ஸ்டென்சில்களை வைத்து ஸ்கிரீனிலேயே போட்டது. அளவு ஏறத்தாழ 51 x 76 செ.மீ. நட்சத்திரத்தின் பெயரோ முகமோ போட்டுக் கூட்டம் சேர்க்கத் தேவையில்லை. எதுவார்தோ முன்யோஸ் பாக்ஸ், ரெனே அஸ்குய், அல்ஃப்ரெதோ ரோஸ்ட்கார்ட், ரெபோய்ரோ போன்றவர்கள் உலகப் படங்களையெல்லாம் தட்டையான சில நிறங்களுக்குள் அடக்கினார்கள். பொருள் தட்டுப்பாடு அவர்களுக்கு நடையாக மாறியது.

இன்றைய அலையின் தலைநகரம் டெக்ஸஸ் மாநிலத்தின் ஆஸ்டின். இசைக்குழுக்களுக்கு ஃபிராங்க் கோஸிக் போன்றவர்கள் ஸ்கிரீன் சுவரொட்டி போட்டுப் பழகிய ஊர் அது. அங்குள்ள அலாமோ டிராஃப்ட்ஹவுஸ் திரையரங்கோடு சேர்ந்து டீ-ஷர்ட் கடையாகத் தொடங்கிய மாண்டோ, 2000களின் பிற்பகுதியில் பழைய படங்களுக்கு உரிமம் பெற்றுப் புதுச் சுவரொட்டி போடும் அமைப்பாக வளர்ந்தது. ஆஸ்கர் வழங்கும் அகாடமியின் மார்கரெட் ஹெரிக் நூலகம் 2011இல் மாண்டோ அச்சுகளைத் தன் சேகரிப்பில் ஏற்றது. 2012இல் மாண்டோ ஆஸ்டினில் காட்சிக்கூடம் திறந்தது. 2022இல் ஃபன்கோ என்ற பொம்மை நிறுவனம் அதை வாங்கியது. அங்கே வந்த இருவேறு பாணிகளை வைத்தே முழு விவாதத்தையும் நடத்திவிடலாம். டைலர் ஸ்டவுட் படத்தின் எல்லா முகங்களையும் தாள் முழுக்க நெரிசலாக அடுக்குவார். ஒலி மாஸ் 2010இல் 'ஸ்டார் வார்ஸ்' வரிசைக்குச் செய்தது நேர்மாறு. சி-த்ரீபிஓவின் தலை வடிவத்துக்குள்ளேயே பாலைவனம், போபா ஃபெட்டின் தலைக்கவசத்துக்குள்ளேயே மேகநகரம். ஒரு கோடு இரண்டு வேலை செய்கிறது. ஸ்டவுட்டின் உழைப்பை மதிக்கிறேன்; ஆனால் வசனத்துக்கு வேண்டியது மாஸின் சிக்கனம். அந்தச் சிக்கனத்தையும் சிலர் வாய்பாடாக்கிவிட்டார்கள். படத்திலிருந்து ஒரு தொப்பியோ காலணியோ மீசையோ எடுத்துத் தனியே போட்டால் போதும் என்ற பழக்கம் பரவிப் புளித்துப்போனது. அது ரசிகர்களுக்குள் போடும் விடுகதை. விடை தெரிந்ததும் தாளில் மிச்சம் எதுவும் இல்லை.

ஒரு வசனத்தை எடுத்துக் கடைசிவரை யோசித்துப் பார்க்கலாம். ரோமன் போலன்ஸ்கி இயக்கி ராபர்ட் டவுன் எழுதிய 'சைனாடவுன்' (1974), இறுதிக் காட்சி. ஈவ்லின் மல்ரே மகளைக் கூட்டிக்கொண்டு காரில் தப்பப் பார்க்கிறாள். போலீஸ் சுடுகிறது. கார் கொஞ்ச தூரம் போய் நிற்கிறது. ஹாரன் விடாமல் அலறுகிறது. குண்டு அவள் கண்ணைத் துளைத்திருக்கிறது. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்ட துப்பறிவாளர் ஜேக் கிட்டிஸ் உறைந்து நிற்கிறார். கூட்டாளி வால்ஷ் அவரைப் பிடித்து அப்பால் கொண்டுபோகப் பார்த்தபடி, மறந்துவிடு ஜேக், இது சைனாடவுன் என்கிறார்.

இதற்கு யாரும் முதலில் வரைவது காகித விளக்கு, சீன வளைவு, டிராகன். மூன்றும் தவறு. படம் நெடுகிலும் சைனாடவுன் என்பது பெயராகவே வருகிறது, கடைசியில்தான் அந்தத் தெருவுக்குப் போகிறோம். ஜேக் போலீஸில் இருந்த காலத்தில் அங்கே ஒருத்திக்கு நல்லது செய்யப்போய் அவளுக்குத் தீங்கு வரக் காரணமாகிவிட்டவர். அந்த ஊர்ப் பெயர் அவருக்குள் இருக்கும் காயத்தின் பெயர். விளக்கும் டிராகனும் போட்டால் ஒரு சமூகத்தைக் குற்றத்தின் அலங்காரமாக்கும் அற்பத்தனமும் சேர்ந்துகொள்ளும்.

படத்தை மறுபடி பார்த்தால் டவுனும் போலன்ஸ்கியும் ஒரு வடிவத்தைத் திரும்பத் திரும்ப வைத்திருப்பது தெரியும். இரட்டையாக இருக்க வேண்டியதில் ஒன்று பழுது. பின்தொடர வசதியாக ஜேக் அவள் காரின் பின்விளக்குகளில் ஒன்றை உடைக்கிறார். குளத்தில் கிடைக்கும் மூக்குக்கண்ணாடியில் ஒரு சில்லு உடைந்திருக்கிறது. ஜேக்கின் மூக்கில் ஒரு பக்கம் கிழிபடுகிறது. ஈவ்லினின் ஒரு கருவிழியில் சிறு குறை இருப்பதை அவர் அருகிலிருந்து கவனிக்கிறார். கடைசியில் அதே முகத்தில் கண். ஆக, இரண்டு வட்டம், அதில் ஒன்று உடைந்தது.

இப்போது மை. வறட்சியான லாஸ் ஏஞ்சலஸின் நிறத்தில் மங்கிய பழுப்புக் காகிதம், 18 x 24 அங்குலம். இரண்டே பிரேம்கள். முதல் பிரேமில் சிவப்பு: மேல்பாதியில் கார் விளக்கின் இடைவெளியில் இரண்டு வட்டம், ஒன்று முழுசு, மற்றது நொறுங்கிக் காகிதம் தெரிவது. அதே பிரேமில், உடைந்த வட்டத்திலிருந்து தாளின் வலது ஓரம்வரை நீளும் ஒரு சிவப்புப் பட்டை. இரண்டாவது பிரேமில் கறுப்பு. அது வட்டங்களையும் அடியில் வரும் எழுத்தையும் மட்டும் விட்டுவிட்டுத் தாள் முழுவதையும் மூடும், பட்டையையும் சேர்த்து. நேரே பார்த்தால் பட்டை தெரியாது. பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது சிவப்பின்மேல் விழுந்த கறுப்பு வேறு மினுமினுப்போடு மேடாக எழும். ஓயாமல் அலறும் ஹாரன் அதுதான். வசனம் கீழே இடது மூலையில், சின்ன எழுத்தில், காகித நிறத்திலேயே. அது ஊருக்கு அறிவித்தது இல்லை, ஒருவர் தோளருகில் நின்று இன்னொருவர் சொன்னது. எழுத்தைப் பெரிதாக்கினால் நண்பனின் கெஞ்சல் கசப்பான தத்துவமாகிவிடும். இந்த வசனத்தை மேற்கோள் காட்டுகிறவர்களில் பலர் செய்யும் பிழையும் அதுவே.

எழுத்தளவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சுற்றிலும் மை, நடுவே காகித நிறத்தில் எழுத்து என்று வைக்கும்போது மை நாலு பக்கமிருந்தும் உள்ளே பரவி எழுத்தை மெலிய வைக்கும். ஆங்கிலத்தில் மெல்லிய கோடுகள்தான் உடையும். தமிழில் ஆபத்து அதிகம். 'ண', 'ஞ', 'இ' போன்றவற்றின் சுழிகள் அடைபடும். மெய்யெழுத்தின் புள்ளி மூடிக்கொண்டால் 'க்' வெறும் 'க' ஆகிவிடும், சொல்லே மாறும். புள்ளியை எழுத்துருவில் இருப்பதைவிடப் பெரிதாக்கி, தடித்த எழுத்தை எடுத்து, நெருக்கமான மெஷ்ஷில் போட்டால்தான் பிழைக்கும். கல்யாணப் பத்திரிகை போடும் பட்டறைக்காரர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள்.

உரிமைச் சிக்கலும் வடிவத்தைப் பாதிக்கிறது. அமெரிக்காவில் சிறு சொற்றொடர்களுக்குப் பொதுவாகப் பதிப்புரிமை கிடையாது. ஆனாலும் 'ஈ.டி.' படம் வந்த 1982இலேயே, அந்த ஃபோன் வசனத்தைக் கோப்பையில் அச்சிட்ட ஒரு நிறுவனத்தை டெக்ஸஸ் கூட்டாட்சி நீதிமன்றம் தடுத்தது. படத்தையே நினைவூட்டும் அளவுக்கு ஊறிய வாக்கியம் வெறும் சொற்றொடராகக் கருதப்படவில்லை. 2023இல் இன்னும் பெரிய அடி விழுந்தது. லின் கோல்ட்ஸ்மித் எடுத்த பாடகர் பிரின்ஸின் புகைப்படத்தை வைத்து வார்ஹால் செய்த படம் ஒன்றை 2016இல் பத்திரிகைக்கு உரிமம் கொடுத்தது நியாயமான பயன்பாடு ஆகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பாணியை மாற்றினேன் என்று சொல்வது மட்டும் போதாது என்றாகிவிட்டது. படத்தின் ஸ்டில்லை வைத்து வெட்டி எடுக்கும் பழக்கத்துக்கு இது எச்சரிக்கை. கலையின் பக்கம் நின்று பார்த்தாலும் ஸ்டில் சோம்பேறித்தனம்தான். அது ஒளிப்பதிவாளரின் முடிவு, வடிவமைப்பாளரின் முடிவு அங்கே இன்னும் தொடங்கவில்லை.

தமிழ்நாட்டில் இதற்கான இரண்டு பாதிகளும் தனித்தனியே செழித்திருக்கின்றன. 'பராசக்தி' (1952) நீதிமன்றக் காட்சியை மனப்பாடமாகப் பேசித் திரிந்த சமூகம் இது. கதை வசனப் புத்தகங்களும் வசன இசைத்தட்டுகளும் விற்ற ஊர் இது. மறுபக்கம், மஞ்சப்பையிலிருந்து திருப்பூர் டீ-ஷர்ட்வரை ஸ்கிரீன் பிரிண்டிங் தெரிந்த கைகள் ஊருக்கு ஊர் உண்டு. இரண்டும் சந்திக்கும்போது நடப்பதோ, நடிகரின் முகமும் அடியில் பஞ்ச் டயலாக்கும் போட்ட ஒரு பனியன். நம் வசனங்கள் எழுதும்போதே ஓங்கிய குரலுக்காக எழுதப்பட்டவை என்பதால், வடிவமைப்பாளரும் ஓங்கியே போட்டுவிடுகிறார்.

சுரேஷ் கிருஷ்ணா இயக்கி பாலகுமாரன் வசனம் எழுதிய 'பாட்ஷா' (1995) படத்தில், தான் ஒரு தடவை சொன்னால் அது நூறு தடவை சொன்னதற்குச் சமம் என்று ரஜினிகாந்த் பேசும் வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தைப் போட முடியாது. பெயர், உருவம், வசனம் பேசும் பாணி எல்லாம் அவருடைய ஆளுமையைச் சேர்ந்தவை என்று அவர் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2015இல் ஒரு படத்துக்குத் தடை விதித்திருக்கிறது. அனுமதி பெற்றாலும் முகம் வேண்டாம் என்றே சொல்வேன். வார்ஹாலை நினைத்து நூறு கட்டம் போட்டு நூறு முறை அச்சிடத்தான் முதலில் தோன்றும். மையை ஒரு தடவை மட்டும் ஊற்றி இழுத்துக்கொண்டே போனால் பத்தாவது, இருபதாவது கட்டத்துக்குள் அச்சு வெளிறிவிடும். வசனம் சொல்வது அதற்கு நேர் எதிரானது. ஆகவே தாளில் ஒரே ஒரு உருவம்: ஆட்டோவின் மஞ்சளில், ஒளி ஊடுருவாத கனமான மையில், கறுப்புக் காகிதத்தின்மேல் நிற்கும் ஒற்றைச் செங்குத்துக் கோடு. அது ஒன்று என்ற எண்ணாகவும் உயர்த்திய விரலாகவும் இருக்கும். வசனத்தின் எழுத்துகூட வேண்டியதில்லை. நூறு என்பதைத் தாளின் கீழ் மூலையில் பென்சிலால் எழுதும் பிரதி எண் பார்த்துக்கொள்ளும்: 1/100 முதல் 100/100 வரை, ஒவ்வொரு தாளுக்கும் புதிதாக மை ஊற்றி, முதல் தாளுக்கும் கடைசித் தாளுக்கும் கனம் மாறாமல்.